வரன் விசாரிக்க மாரிகுப்பம் போனது

வியாழக்கிழமை காலை ஐந்தே கால் மணிக்குக் காஞ்சிபுரத்தில் அரக்கோணம் பேருந்தில் ஏறினேன். தூரம் பதினெட்டு மைல். கட்டணம் எண்பது காசு. அரக்கோணத்தில் பெங்களூர் வண்டி முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. பங்காருப்பேட்டை வரை மூன்றாம் வகுப்புக்கு நான்கு ரூபாய்ச் சொச்சம். என்னிடம் இருந்தவை ஒரு தோல் பை, ஒரு குடை, மாற்றுச் சட்டை ஒன்று. கழுத்து மூடிய வெண்ணிறக் கோட்டு, சரிகை அங்கவஸ்திரம், மெருகிட்ட காலணி ஆகியவை வழக்கம்போல. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பதவி போனாலும் உடையை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் தோன்றியதில்லை.

தங்க வயலைக் காணப் பலர் போகிறார்கள். நான் போனது அதற்காக அன்று. என் மகள் கமலவேணிக்கு இருபத்தாறு வயது. முன்பு இரண்டு வரன்கள் பேசி, நிச்சயத்துக்கு முன்னரே ஊர் முழுதும் செய்தி பரவி, இரண்டும் நின்றுபோயின. நின்றதற்கு நாங்கள் காரணமல்ல. ஆனாலும் தெருவில் அவள் பெயர்தான் அடிபட்டது. மூன்றாவதும் அவ்வாறாயின் அவளுக்கு மறுபடி ஒரு வரன் பார்ப்பது அரிது. எனவே இம்முறை யாரிடமும் பெயர் சொல்வதில்லை, எதற்காக வந்தேன் என்பதையும் சொல்வதில்லை, மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுமுன் அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்திருந்தேன். எங்கள் பக்கத்தில் கௌரவமான குடும்பங்கள் வரன் விசாரிக்கும் முறை இதுவே.

தரகர் சொன்ன விவரம் சுருக்கமானது. பையன் பெயர் சபாபதி. மாரிகுப்பத்தில், தங்கக் கல்லை அரைத்துப் பொன் பிரிக்கும் மில்லில் வேலை. வீடு, மில் ஆட்களின் குடியிருப்பில் முனையிலிருந்து மூன்றாவது. தந்தை முனிரத்தினம் சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தாயிடம் பதினைந்து சவரன் இருக்கும். நல்ல கலகலப்பான குடும்பம்.

பிற்பகல் ஒன்றரை மணி. பங்காருப்பேட்டையில் கிளை வண்டிக்கு மாறினேன். மாரிகுப்பத்துக்குப் பத்து மைல், நாற்பது காசு. பெட்டியில் ஏறக்குறைய எல்லோரும் தமிழே பேசினார்கள். இடையிடையே கன்னடமும் தெலுங்கும் வந்து கலந்தன. எதிரிலிருந்த இருவரின் பேச்சை என்னால் கேளாதிருக்க முடியவில்லை.

"நேத்து நின்னுடுச்சாமே?"

"ஆமாம்பா. அவங்க எறங்கறதுக்கு முன்னாலயே."

"நல்லதாப் போச்சு. அப்பால ரெண்டாவது ஆளுங்கோ?"

"மேலயே உக்காந்துனு இருந்தாங்கோ. ராத்திரிதான் சரியாச்சு."

இன்னது, இன்னார் என்று சொல்லாத பேச்சு! ஆயினும் பெட்டியிலிருந்த அனைவரும் தலையசைத்தனர். ஒரு கிழவர் நெஞ்சில் கைவைத்துக் கடவுளை நினைத்தார். என் மனத்தில் அப்போது திருமணத்தைத் தவிர வேறொன்றும் இல்லையாதலால், எங்கோ ஒரு கல்யாணம் நின்றுவிட்டது, மணமகன் வீட்டார் வண்டியிலிருந்து இறங்குமுன்னரே செய்தி எட்டிவிட்டது, பின்னர் இரவில் சமாதானமாயிற்று என்று கொண்டேன்.

"எது நின்றது?" என்று கேட்டேன்.

பேசியவர் என் கோட்டைப் பார்த்தார். பிறகு காலணியைப் பார்த்தார். "ஒண்ணியும் இல்ல சார். சும்மா," என்றார். அதன்பின் மாரிகுப்பம் வரும்வரை அந்தப் பெட்டியில் மழையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். நின்றது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டின் சக்கரம் என்பது மாலையில்தான் எனக்குத் தெரிந்தது.

ஊர்காம், சாம்பியன் என்று நிலையங்கள் கழிந்தன. இருமருங்கும் சாம்பல் நிறக் குன்றுகள். மரமில்லை, புல்லில்லை, பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மண் அது. காற்றடித்தால் அந்தப் பொடி பறந்து வந்து கண்ணிமையில் படிகிறது. குன்றுகளுக்கு இடையே இரும்புக் கோபுரங்களின் உச்சியில் பெரும் சக்கரங்கள் சுழல்கின்றன. தண்டவாளம் மாரிகுப்பத்தோடு முடிந்துவிடுகிறது.

நிலையத்துக்கு வெளியே ஒரு ஜட்கா நின்றது.

"எங்க சார் போவணும்?"

"மில்லில் வேலை செய்பவர்கள் குடியிருக்கும் லைனுக்கு." வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளை அங்கே லைன் என்பார்கள்.

"யார் ஊட்டுக்கு சார்?"

"அது உமக்கு வேண்டியதில்லை. லைன் முனையில் நிறுத்தினால் போதும். வண்டி வந்த சத்தம் உள்ளே கேட்கக் கூடாது."

வண்டிக்காரர் உடனே வண்டியை விட்டார். முனையில் இறங்கி ஐம்பது காசை நீட்டினேன். "வேணாம் சார், உங்களண்ட வாங்கறதா?" என்று கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். வெளியூர்ப் பெரியவர்களிடம் இத்தனை மரியாதை காட்டும் ஊரா என்று வியந்தேன்.

மூன்று மணி. லைன் முனையில் ஒரு டீக்கடை. பெஞ்சில் இருந்த நால்வர் நான் அமர்ந்ததும் எழுந்து போய்விட்டனர். டீ பன்னிரண்டு காசு, பால் குறைவு. கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், கழுத்தில் துண்டு.

"அந்த மூன்றாவது வீட்டுப் பையன், மில்லில் இருக்கிறானே, அவன் எப்படி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"எப்படின்னா?"

"சம்பளத்துக்கு மேல் செலவு செய்கிறானா?"

அவர் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். "இல்ல சார்."

"வீட்டுக்கு வெளியூர் ஆட்கள் வந்து போகிறார்களா?"

"யாரும் வர்றதில்ல சார். உறவுன்னே யாரும் கெடையாது."

"தாயார் நகை போட்டுக்கொள்வதுண்டா? சமீபத்தில் ஏதாவது செய்தார்களா?"

"அய்யய்ய! அந்த ஊட்டுல பொட்டுத் தங்கம் இல்ல சார். அந்தம்மா கழுத்துல மஞ்சக் கவுறுதான். நான் சத்தியமே பண்றேன்."

எனக்குத் திகைப்பாயிற்று. பதினைந்து சவரன் என்றாரே தரகர்! பையனின் நண்பர்கள் யார் என்று கேட்டேன். அவனுக்கு நண்பர்களே இல்லை, யாருடனும் பேசவே மாட்டான், லைனைவிட்டு வெளியே போனதே இல்லை என்றார். ஊமையா என்று கேட்டேன். சற்று யோசித்து, "கொஞ்சம்," என்றார்.

அடுத்து ஒரு சலவைக்கடை. அங்கே கேட்டால் அந்த வீட்டில் பையனே கிடையாது, இருந்தது பெண்பிள்ளை என்றார்கள். அதற்கடுத்த வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த உரத்த குரல் அம்மாள் ஒருவர் (பட்டம்மா என்று பின்னர் அறிந்தேன்) நான் வாயைத் திறக்குமுன்பே, "அந்த ஊடு பூட்டிக் கீது சார், ஆறு மாசமா," என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வீட்டுக் கூரையிலிருந்து அடுப்புப் புகை நன்றாக எழுந்துகொண்டிருந்தது. பட்டம்மாளும் அந்தப் புகையைப் பார்த்தார். "அது பக்கத்து ஊட்டுப் பொக," என்றார்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவன் நான். ஒரே சொத்துக்கு இரண்டு பேர் இருவிதமாகச் சொல்வது புதிதன்று. ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இலாபம் இருக்கும். இங்கே யாருக்கு என்ன இலாபம்? ஒருவேளை தரகர் வேறொரு வீட்டைச் சொன்னாரோ? அல்லது பையனிடம் சொல்லத்தகாத நோய் ஏதேனும் இருந்து, ஊரே மறைக்கிறதோ?

தெருக்குழாயருகே பெண்கள் தண்ணீருக்குக் குடங்களுடன் நின்றனர். அவர்களில் எவர் காதிலும் கழுத்திலும் குன்றிமணி அளவு பொன்னும் இல்லை. மூக்குத்தி போட்ட துளை மட்டும் தெரிந்தது. நான் நெருங்கியபோது சிலர் முந்தானையை இழுத்து இறுகச் செருகிக்கொண்டனர். நாட்டுக்கே பொன் தோண்டிக் கொடுக்கிறவர்களின் மனைவியர் வெறுங்கழுத்தோடு நிற்கும் காட்சி என்னை உலுக்கிவிட்டது. அதைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுதவேண்டும் என்றுகூட எண்ணி, முதல் இரண்டு வாக்கியங்களை மனத்துள் அமைத்தேன்.

நான்கு மணிக்குச் சங்கு ஊதியது. தலையில் துணித் தொப்பியும் கையில் தூக்குப் போசியுமாக ஆட்கள் லைனுக்குத் திரும்பினர். மூன்றாவது வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. நான் டீக்கடைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் ஒல்லியான முதியவர் ஒருவர், சட்டைப் பித்தான்கள் இடம்மாறிப் பூட்டியபடி, வேகமாக வந்து என் எதிரில் கைகூப்பி நின்றார்.

"சார், நான் முனிரத்தினம். எம்புள்ளைய உட்ருங்க சார். எது கேக்கறதா இருந்தாலும் என்னைக் கேளுங்க."

பையனுக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை போலும் என்று எனக்குப் பட்டது. ஆயினும் என் குரல் மாறவில்லை.

"உம் பிள்ளையைக் கட்டாயப்படுத்த நான் வரவில்லை. அவன் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடும், நான் அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறேன்."

அவர் விழித்தார். கடைக்காரர் விழித்தார். அதற்குள் லைனே திரண்டுவிட்டது. பட்டம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

"இன்னா சார் இது புதுசா கீது? வாச்சு வார்டுல எப்பத்துலேருந்து சம்மதம் கேட்டுனு புடிக்கறாங்க?"

சுரங்கக் காவலை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். தங்கம் களவு போகாமல் பார்ப்பது அவர்கள் வேலை. சில சமயம் சீருடை இல்லாமல் மப்டியில் வந்து, யார் வீட்டில் நகை கூடியிருக்கிறது, யார் அளவுக்கு மேல் செலவழிக்கிறார்கள், யாரைத் தேடி வெளியூரார் வருகிறார்கள் என்று டீக்கடையில் கேட்டுப் போவார்களாம். ஒரு பெண்ணைப் பெற்றவன் கேட்கவேண்டிய கேள்விகளைத்தான் நான் கேட்டேன். அவை ஒன்றுவிடாமல் அவர்கள் கேள்விகள். கோட்டு, தோல் பை, பெயர் சொல்லாத வாய், சத்தமில்லாமல் நிறுத்தச் சொன்ன வண்டி! நான் மறைத்த ஒவ்வொன்றும் அவர்களுக்கு என்னை இன்னாரென்று அடையாளம் காட்டியிருக்கிறது.

"நான் போலீஸ் இல்லை," என்றேன்.

"எந்த மப்டி நான் போலீசுன்னு சொல்லிச்சு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

முனிரத்தினம் சிரிக்கவில்லை. "புள்ள இன்னும் மில் கேட்டுக்கு உள்ளயே கீறான் சார். வெளில வராதன்னு கூட இருக்கறவங்க சொல்லி நிறுத்தி வெச்சிகீறாங்கோ. காத்தாலைக்குள்ள இது மேஸ்திரி காதுல போயிடும். களவு கேசுல பேரு அடிபட்டவன மில்லுல வெக்கமாட்டாங்க. ஒருதரம் அந்தப் பேரு வந்துச்சுன்னா போவாது சார்."

ஒருதரம் வந்த பெயர் போகாது. அதை எனக்கு அவர் சொல்லித்தரவேண்டியதில்லை. என் மகள் பெயரை ஊர் வாயில் விழாமல் காக்கப் போய், இன்னொருவர் மகனின் பெயரை நான் ஊர் வாயில் போட்டிருந்தேன். அதைத் திருப்பி எடுக்க ஒரே வழி, எதைச் சொல்வதில்லை என்று காஞ்சிபுரத்தில் உறுதி செய்துகொண்டேனோ, அதை அத்தனை பேர் முன்னிலையில் சொல்வது. சொன்னபின் இந்த வரனும் தட்டிப்போனால்? நான் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டேன்.

பிறகு எழுந்து நின்று சொன்னேன். என் பெயர், ஊர், தெரு, வகித்த பதவி. "என் மகள் கமலவேணி. இருபத்தாறு வயது. இன்டர்மீடியட் படித்திருக்கிறாள். இவர் மகன் சபாபதிக்குக் கேட்டு வந்திருக்கிறேன்."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்லா கீது கத," என்றார் பட்டம்மா. "பொண்ணு ஊட்டுக்காரரு ஒத்தையா வருவாரா? கூட ஒரு பொம்பள இல்ல, ஒரு சீப்புப் பழம் இல்ல. ஊமையான்னு வேற கேட்டீங்களாமே?"

"ஊமை என்று உங்கள் கடைக்காரர்தான் சொன்னார்!"

"அவரு கொஞ்சம்னுதானே சொன்னாரு!"

மீண்டும் சிரிப்பு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை பேர் நடுவில் மகளின் பெயரைச் சொல்லியும் நம்பப்படாதவனாக நின்றேன். அந்தக் கோபத்தில், என்னை அறியாமல், காலை முதல் கேட்க நினைத்துக் கூச்சத்தால் கேளாதிருந்தவற்றை முனிரத்தினத்திடம் கொட்டிவிட்டேன்.

"நான் கேட்க வந்ததே வேறு ஐயா! தண்ணீர் வீட்டுக்குள் வருமா, இந்தத் தெருக்குழாயில்தான் நிற்கவேண்டுமா? இடுப்பில் குடம் வைத்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். இரவு ஷிப்டு என்றால் அவள் தனியாகவா படுப்பாள்? இந்த மண் காற்றில் பறக்கிறதே, அவளுக்குத் தும்மல் தொல்லை உண்டு. உம் மனைவி கோபக்காரரா? என் மகள் எதிர்த்துப் பேசத் தெரியாதவள்."

பட்டம்மா இடுப்பில் கைவைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடியே, இது பொண்ணப் பெத்தவருதான்டி," என்று பின்னால் திரும்பிச் சொன்னார். "போலீசுக்காரன் எவன் கொழாயடி எங்க கீதுன்னு கேப்பான்?"

பின்னர் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. குழாயடிப் பெண்கள் முந்தானை முடிச்சுகளை அவிழ்த்தார்கள். கம்மலும் மூக்குத்தியும் சங்கிலியும் வெளியே வந்து, பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, அவரவர் காதிலும் கழுத்திலும் ஏறின. ஒருத்தி வாயிலிருந்தே ஒரு கம்மல் திருகாணியை எடுத்தாள். அவையெல்லாம் நேர்மையாக வாங்கிய நகைகள்தாம். ஆனால் கேள்வி வரும்போது பதில் சொல்லும் சிரமம் எதற்கு என்று கழற்றி வைத்தார்களாம். பத்திரிகைக்கு எழுத நினைத்த இரண்டு வாக்கியங்களை அங்கேயே கைவிட்டேன்.

முனிரத்தினத்தோடு மில் வாயிலுக்கு நடந்தேன், கால் மைல். பட்டம்மாளும் ஏழெட்டுப் பேரும் உடன் வந்தனர். வாயிற்காவலரிடம் இன்னொருமுறை சொன்னேன்: என் பெயர், ஊர், மகள் பெயர். வேலை முடித்த ஆட்கள் சுற்றி நின்று கேட்டார்கள். காவலர் கன்னடக்காரர்; என்னைவிட அழகான தமிழில், "முதல்லயே சொல்லக் கூடாதா ஐயா? பழம் தின்றிருப்போமே," என்றார். சபாபதி வெளியே வந்தான். நல்ல உயரம், கண்ணிமையில் சாம்பல் பொடி. வணங்கினான்.

"எங்க லைன்ல என்னப் பத்தி இன்னா சொன்னாங்க சார்?"

"நீ பேசமாட்டாய் என்றார்கள். உனக்கு உறவினரே இல்லை என்றார்கள். நீ பெண்பிள்ளை என்றும் ஒருவர் சொன்னார். உன் வீடு ஆறு மாதமாகப் பூட்டியிருக்கிறதாம்."

அவன் பட்டம்மாளைப் பார்த்தான். "ஆறு மாசமாக்கா?"

"அவசரத்துல இன்னா தோணும்?" என்றார் அவர்.

ஒரு பையனைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு ஒருவர்கூட உண்மை சொல்லவில்லை. அலுவலகத்தில் இத்தகைய சாட்சிகளை வெளியே நிறுத்தியிருப்பேன். ஆனால் அந்த வாயிலில் நின்றபோது, இத்தனை வீட்டாரும் ஒருவனுக்காகக் கூசாமல் பொய் சொல்வார்களானால் அவனைப் பற்றி மேலும் நான் எதைக் கேட்பது என்றும் தோன்றியது. இரண்டில் எது சரியான முடிவு என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெளியவில்லை.

ஐந்தரை மணிக்கு அவர்கள் வீட்டில் காப்பி. முனிரத்தினத்தின் மனைவி கன்னியம்மாள் கழுத்தில் இரட்டை வடச் சங்கிலியுடன் கதவருகே நின்றார். தண்ணீர் தெருக்குழாயில்தான், ஆனால் பிள்ளையே பிடித்து வைத்துவிடுவானாம். கோபம் வருமா என்றதற்கு, "வரும்," என்றார். பிறகு, "சார், எங்களப் பத்திக் கேட்டுட்டீங்கோ. நாங்களும் கேக்கணும் இல்ல?"

"தாராளமாகக் கேளுங்கள்."

"உங்களண்ட இல்ல. உங்க தெருவுல. வர்ற ஞாயித்துக்கெழம வந்து, அக்கம்பக்கத்துல கேட்டுட்டு அப்பால உங்க ஊட்டுக்கு வர்றோம். யாரக் கேக்கலாம்?"

"எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேளுங்கள்," என்றேன், நிமிர்ந்து.

ஆறரை மணி வண்டியில் மாரிகுப்பம் விட்டேன். பங்காருப்பேட்டையில் சென்னை வண்டி கிடைத்தது. இருக்கையில் சாய்ந்தவாறு எங்கள் தெருவின் வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வலப்பக்கத்து வீட்டுக்காரருக்கும் எனக்கும் சுவர்த் தகராறு. இடப்பக்கத்தார் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மூலைவீட்டுப் பத்திரத்தில் முத்திரை குறைந்ததென்று அவரை நாள் முழுதும் அலைய விட்டிருக்கிறேன். விதிப்படிதான் செய்தேன். என்னைப் பற்றிக் கேட்டால் இவர்களில் யாரும் பொய் சொல்லமாட்டார்கள். அதுதான் அச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஊர் சேர்ந்து, வீட்டுக்குள் நுழையாமல், எதிர் வீட்டு வாசலில் நின்றேன். மளிகைக்கடை நடத்துபவர் அவர். பல்துலக்கிக்கொண்டிருந்தவர், நான் அவர் வாசலுக்கு வந்ததைக் கண்டு செம்பை வைத்துவிட்டு எழுந்தார்.

"கமலாவுக்கு ஒரு வரன் பேசுகிறோம். ஞாயிற்றுக்கிழமை விசாரிக்க வருவார்கள். உங்களையும் கேட்கக்கூடும், அவளைப் பற்றியும் என்னைப் பற்றியும்," என்றேன். நானாக இதை ஒருவரிடம் சொல்வது இதுவே முதல் தடவை.

அவர் முகம் மலர்ந்தது. "கமலாவைப் பத்தியா? கேக்கட்டுமே சார்! என் சம்சாரம் படுத்த படுக்கையா இருந்தப்ப அந்தப் பொண்ணு செஞ்சத நாள் முழுக்கச் சொல்லுவேன். தங்கமான பொண்ணு. அவளப் பத்தி எத்தனை பேர் வந்து கேட்டாலும் சொல்றேன்."

அத்துடன் நிறுத்திக்கொண்டு, செம்பை எடுத்தார்.

அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று விளங்கிக்கொள்வதில் எனக்கு அன்று எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.